இன்னும் ஒரு சுற்று

கல்யாணப் பெண்ணை அலங்கரித்து, உடைக்கு மேல் உடை மாற்றி, பல்லக்கில் ஏற்றிச் சுற்றி வரச் செய்கிறவளை எங்கள் மெக்னெஸ் நகரத்தில் நெகாஃபா என்பார்கள். நான் நெகாஃபா. பெயர் ஹனியா. உடைகள் என்னுடையவை, கிரீடங்கள் என்னுடையவை, பல்லக்கு என்னுடையது, அதைத் தூக்குகிற நான்கு தடியர்களும் என் ஆட்கள். பெண் மட்டும்தான் கல்யாண வீட்டாருடையவள். அவளையும் அன்று ஒரு நாள் என் கையில் விட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள்.

இந்தத் தொழிலில் கூலியைப் பாதி முதலிலேயே வாங்கிக்கொள்வோம். மீதிப் பாதி கல்யாணத்தன்று வரவேண்டும். அன்றைக்கு வராத பணம் அப்புறம் வராது. பெண் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள், உடைகள் பெட்டிக்குத் திரும்பிவிடும், கல்யாணம் முடிந்த மறுநாள் நெகாஃபாவைவிடத் தேவையில்லாத மனுஷி உலகத்தில் கிடையாது. கதவைத் தட்டினால் யார் நீ என்று கேட்பார்கள்.

அதனால் எங்கள் ஆட்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கடைசி உடை வெள்ளை உடை. அது இருக்கிற பெட்டியின் மேல் நெகாஃபா ஏறி உட்கார்ந்துகொள்வாள். பணம் வந்தால்தான் எழுந்திருப்பாள். திரைக்குப் பின்னால் பெண் பாதி உடுப்போடு நடுங்கிக்கொண்டு நிற்பாள், வெளியே பாட்டுக்காரர்கள் ஒரே பாட்டை மூன்றாம் முறை வாசிப்பார்கள், பெண்ணைப் பெற்றவன் மேசை மேசையாகக் கடன் கேட்டு ஓடுவான். பணம் வந்துவிடும். சத்தியமாக வந்துவிடும். ஆனால் நான் அதைச் செய்ததில்லை, செய்யவும் மாட்டேன். ஏன் என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அந்தக் கண்ணுக்கு மை தீட்டியது நான். நான் தீட்டிய மையை நானே அழவைத்துக் கலைப்பேனா? பணம் தராதவன் ஒருத்தன், அழுகிறவள் இன்னொருத்தி. என் பெட்டி மேல் இதுவரை எந்த நெகாஃபாவும் உட்கார்ந்ததில்லை, அதில் எனக்குக் கர்வம் உண்டு.

அப்படியானால் எல்லோரும் உன் தலையில் மிளகாய் அரைப்பார்களே என்பீர்கள். இல்லை. இல்லாதவர்கள் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு மாதம் தள்ளியாவது கொண்டுவந்து தருவார்கள், தாமதத்துக்கு ஒரு புட்டி ஊறவைத்த ஆலிவ் காயும் சேர்த்து வரும். என்னை ஏமாற்றியவர் ஒரே ஒருவர். ஊரிலேயே பெரிய எண்ணெய் ஆலை வைத்திருக்கிற ஹாஜியார் தஹாமி.

அவருடைய மூத்த மகன் கல்யாணத்துக்கு ஏழு உடை, இரண்டு பல்லக்கு. மருமகள் ஸிஹாமின் தலையில் அன்று வைத்தது என் முத்துக் கிரீடம். என் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது அது, வருஷக்கணக்காகச் சேர்த்து. நெற்றி முழுக்கச் சின்னச் சின்ன முத்துச் சரம், காதோரம் தொங்கும் குஞ்சம். அதை வைத்தால் அழகில்லாத பெண்ணும் ராணியாகிவிடுவாள், ஸிஹாமோ ஏற்கெனவே அழகி. அன்று கூட்டம் முழுக்க வாயைப் பிளந்தது. ஹாஜியார் முன்பணம் தருவதே தன் குடும்பத்துக்கு இழுக்கு என்றார், எல்லாவற்றையும் ஒரே தடவையில் தருகிறேன் என்றார். நானும் தலையாட்டினேன். கல்யாணம் முடிந்ததும் வியாழக்கிழமை வா, இன்ஷா அல்லாஹ் என்றார். வியாழக்கிழமை போனால் காசாபிளாங்கா போயிருக்கிறார் என்றான் வாசல் காவலாளி. அதற்கடுத்த வியாழன் உம்ராவுக்குப் போய்விட்டாராம். மக்காவுக்குப் போன மனுஷனின் கார் மட்டும் முற்றத்தில் நின்றது, அதன் பக்கத்தில் அவருடைய செருப்பும் கிடந்தது.

பல்லக்குத் தூக்கிகளுக்குக் கூலி கொடுக்கவேண்டும். கிரீடத்தை பத்தூலுக்கு விற்றேன். பத்தூலும் நெகாஃபா, எனக்குப் போட்டி, பெட்டி மேல் உட்காருவதில் கெட்டிக்காரி. அன்றிலிருந்து ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பத்தூல் அலங்கரித்த பெண்ணின் நெற்றியில் என் முத்துகள். மணமக்களை வாழ்த்திவிட்டு வீட்டுக்கு வந்து தலையணையைக் குத்துவேன்.

அப்போதுதான், என்னை மரியாதையாக லல்லா என்று அழைக்கும் என் மூத்த தூக்கி புவஸ்ஸா ஒரு வார்த்தை சொன்னான். "லல்லா, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நாங்க பத்தூல்கிட்ட போயிடுவோம். உங்க மேல கோபமெல்லாம் இல்ல. வீட்டுல அடுப்பு எரியணும்ல." இனி ஒருநாளும் கூலி இல்லாமல் உங்களை வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். நால்வர் கையையும் பிடித்துச் சொன்னேன். நல்ல தூக்கிகள் போனால் நெகாஃபாவின் கதை முடிந்தது. பல்லக்கில் இருக்கிற பெண் பயப்படாமல் சிரிக்கவேண்டும் என்றால் கீழே இருக்கிற தோள் புவஸ்ஸாவின் தோளாக இருக்கவேண்டும்.

இது நடந்து மூன்று வருஷம் கழித்து ஃபத்தூமா என்னைத் தேடி வந்தாள். எங்கள் தெருவின் பொதுக்குளியலறையில் பெண்களுக்கு முதுகு தேய்த்துவிடுகிறவள். என் முதுகை அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. தகப்பன் இல்லாமல் வளர்ந்த மகள் கிஸ்லான் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள், கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றாள். மடித்த குளியல் துண்டைப் பிரித்து முன்பணத்தை என் முன்னால் கொட்டினாள். எல்லாம் சில்லறை நோட்டு, நாணயம், சோப்பு வாசனை. மீதியைத் தானே தருவதாக மாப்பிள்ளையின் அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறாராம். நல்லது என்றேன். கிஸ்லானின் இடுப்பை அளந்தேன், உயரம் பார்த்தேன், நிறத்துக்குப் பச்சை எடுக்குமா நீலம் எடுக்குமா என்று வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தேன். மாமனார் பெயரை மட்டும் கேட்கவில்லை. எந்த நெகாஃபாவும் கேட்கமாட்டாள். பெண்ணின் இடுப்பு அரை விரல் கூடினாலும் எங்களுக்குத் தெரியும், மாப்பிள்ளை என்பவன் எங்களுக்குப் பெண் பக்கத்தில் போடுகிற இன்னொரு நாற்காலி.

கல்யாணம் பட்டப்பகலில் என்றார்கள். எங்கள் ஊரில் கல்யாணம் இருட்டிய பிறகு தொடங்கி விடியும்வரை போகும். பகலில் மண்டப வாடகை பாதி. யாரோ கருமி என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தவள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டு மண்டப வாசலுக்கு வந்தால், வெள்ளை ஜிலாபா அங்கி போட்டுக்கொண்டு, விருந்தாளிகளின் கையில் பன்னீர் தெளித்தபடி நிற்கிறார் ஹாஜியார் தஹாமி. மாப்பிள்ளை அன்வர் அவருடைய இளைய மகன். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவரோ முகம் மலர்ந்துவிட்டார்.

"அட, லல்லா ஹனியா. நம்ம குடும்பத்து நெகாஃபாவே வந்துட்டீங்களே. பழசு புதுசு எல்லாத்தையும் சேர்த்து முடிச்சுடலாம். கல்யாணம் நடக்கட்டும், இன்ஷா அல்லாஹ்."

என் கையிலும் பன்னீர் தெளித்தார். இறைவனின் பெயரைச் சொல்லிக் கதவைத் தாழ்ப்பாள் போடுகிறவர் இவர் ஒருவர்தான்.

அலங்கார அறைக்குள் நுழைவதற்குள் என் நான்கு பேரும் பல்லக்குக் கழிகளைச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். புவஸ்ஸா தலையிலிருந்த சிவப்புத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். அவன் தொப்பியைக் கழற்றினால் வேலை இல்லை என்று அர்த்தம். நாங்கள் தூக்குவதாக இல்லை என்றான். சரி தூக்குகிறோம், ஆனால் இன்று ஒரு நாள் பெட்டி மேல் உட்காருங்கள், பத்தூல் உட்காருவதில்லையா என்றான். முடியாது என்றேன். ஃபத்தூமாவின் மகளை அரைகுறையாக நிறுத்தி நான் காசு வாங்கமாட்டேன் என்றேன்.

"உங்க மானம் பெருசுதான் லல்லா. நான் இல்லைங்கல. ஆனா அதை எங்க புள்ளைங்களுக்குச் சமைச்சுப் போட முடியாதே."

எனக்குச் சுரீர் என்றது. அவன் சொன்னது நியாயம். வாக்குக் கொடுத்தவள் நான். இன்று மாலைக்குள் இவர்கள் கையில் கூலி விழாவிட்டால் நாளைக்கு இவர்கள் பத்தூலின் ஆட்கள். பெட்டி மேல் உட்கார்ந்தால் நான் பத்தூல்.

இதையெல்லாம் ஃபத்தூமா கதவருகே நின்று கேட்டுவிட்டாள். முகம் வெளிறிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றாள், மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே கொடுத்துவிடுகிறேன் என்றாள், குளியலறையில் இன்னும் இரண்டு வேளை கூடுதலாக வேலை பார்ப்பேன் என்றாள். எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

"உன் பங்கை நீ முதல் நாளே வச்சுட்ட. இனிமே உன் வாயில இருந்து பணம்ங்கற பேச்சு வரக் கூடாது, சொல்லிட்டேன்."

நாற்காலியில் பச்சைக் கஃப்தான் அங்கியோடு உட்கார்ந்திருந்த கிஸ்லான் மெதுவாகச் சொன்னாள், "எனக்கு இந்த ஒரு உடுப்பே போதும் லல்லா. இதோடயே போயிடறேன். யாரும் சண்டை போட வேண்டாம்." சொல்லும்போதே கண்ணில் நீர் திரண்டது. என் மை.

நிமிர்ந்து உட்கார் என்று ஓர் அதட்டுப் போட்டேன். என் பெண்கள் எல்லோரும் குறைந்தது ஐந்து உடை உடுத்துவார்கள், நீயும் ஐந்து உடுத்துவாய், இன்றைக்கு உன் வேலை அழகாக இருப்பது மட்டும், மற்றதெல்லாம் என் வேலை என்றேன். என்ன வேலை என்று அப்போது எனக்கே தெரியாது. குனிந்து அவள் இடுப்பில் தங்கப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே முதல் மேசையில் ஹாஜியாரின் குரல் கேட்டது. யாரிடமோ பெருமையடித்துக்கொண்டிருந்தார். பெண் வீட்டார் இல்லாதவர்கள், பாவம், முழுச் செலவும் என்னுடையது, மண்டபம், சாப்பாடு, நெகாஃபா, எல்லாம் நானே கொடுக்கிறேன், மறுமைக்கு நன்மை என்றார். மேசையில் இருந்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையில் பிடித்திருந்த கொக்கி நழுவிவிட்டது. ஃபத்தூமா எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று நினைத்திருப்பாள்.

எங்கள் ஊரில் இதெல்லாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பல்லக்கு தோளில் ஏறியதும் நெகாஃபா முன்னால் நின்று புகழ் பாடுவாள். மேலே இருப்பவரின் பெயர், குடும்பம், நல்ல குணம், செய்த தருமம் எல்லாம் பாடுவாள். ஒவ்வொன்றுக்கும் பெண்கள் குலவை இடுவார்கள். மேலே இருப்பவர் தூக்கிகளுக்குக் கையில் வந்ததைப் போடுவார். கடைசியில் நபிகள் மேல் ஸலவாத் என்கிற வாழ்த்தைச் சொல்லி நெகாஃபா முடித்தால்தான் பல்லக்கு இறங்கும். புகழ் பாதியில் இருக்கும்போது இறங்கினால் அந்த வீட்டின் பரக்கத், அதாவது இறையருள், இறங்கிவிடும் என்பார்கள். எண்ணெய் ஆலைக்காரர் எதை வேண்டுமானாலும் இழப்பார், பரக்கத்தை இழக்கமாட்டார்.

புவஸ்ஸாவைக் கூப்பிட்டுக் காதில் சொன்னேன். அவன் மெதுவாகத்தான் புரிந்துகொள்வான், ஆனால் புரிந்துவிட்டால் முகம் முழுக்கப் பல்லாகிவிடும். தொப்பியை எடுத்துத் தலையில் அழுத்திக்கொண்டான். எத்தனை சுற்று என்று கேட்டான்.

"பாட்டு என் வாயில இருக்கு. நான் முடிக்கற வரைக்கும் சுத்து."

முதலில் கிஸ்லானைத் தூக்கினோம். பச்சைக் கஃப்தான், தங்கப் பட்டை, தலையில் என்னிடம் மிச்சமிருந்த சாதாரணக் கிரீடம். என் ஆட்கள் கூலி வருமா வராதா என்கிற சந்தேகத்தோடு தூக்கினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. பல்லக்கு மிதந்தது. வளையும்போது சாய்ந்து, நிமிரும்போது குலுங்காமல், தாளத்துக்கு ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே. கிஸ்லான் முதலில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள், அரைச் சுற்றில் கையை விட்டுவிட்டாள், முழுச் சுற்று வருவதற்குள் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துச் சிரித்தாள். வேலை என்றால் இதுதான் வேலை. பிறகு மாப்பிள்ளையைத் தூக்குகிற வட்டத் தட்டில் அன்வரை ஏற்றினோம். அவன் நல்ல பையன், பயந்துகொண்டே ஆடினான், பையிலிருந்த எல்லாவற்றையும் தூக்கிகளுக்குப் போட்டுவிட்டு நண்பனிடம் கடன் வாங்கியும் போட்டான்.

அவனை இறக்கிய கையோடு நான் கூட்டத்தின் நடுவே போய் நின்றேன். என் குரலுக்கு மைக் தேவையில்லை. இந்த வீட்டுக்கு ஒரு தூண் இருக்கிறது, அந்தத் தூண் தரையில் நிற்கலாமா, என் பல்லக்கு அதற்குச் சம்மதிக்குமா என்று கேட்டேன். கூட்டம் திரும்பி ஹாஜியாரைப் பார்த்தது. அவர் இரண்டு கைகளாலும் வேண்டாம் வேண்டாம் என்றார், கால்கள் மட்டும் பல்லக்கை நோக்கி நடந்துவந்தன. வீடியோ எடுக்கிறவன் விளக்கைத் திருப்பினான். ஜிலாபாவை ஒழுங்குபடுத்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். கனமான மனுஷன். புவஸ்ஸாவின் கழுத்தில் நரம்பு கயிறு போல் புடைத்தது, ஆனாலும் பல்லக்கு ஒரே மூச்சில் தோளுக்கு ஏறியது.

பாடத் தொடங்கினேன். பெயரைச் சொன்னேன், குலவை. அவர் அப்பாவின் பெயரைச் சொன்னேன், குலவை. ஹஜ்ஜு செய்ததைச் சொன்னேன், ஆலையைச் சொன்னேன், ஆலையின் எண்ணெய் எங்கள் ரொட்டியில் ஊறுவதைச் சொன்னேன். ஹாஜியார் மேலிருந்து வலதும் இடதுமாகத் தலையசைத்தார். ஒரு சுற்று முடிந்தது.

இரண்டாம் சுற்றில் ஃபத்தூமாவுக்கு வந்தேன். தகப்பன் இல்லாத பெண்ணுக்குத் தகப்பனாக நின்றவர், மருமகளின் நெகாஃபா கூலியைத் தன் கையால் தருவேன் என்று சபை அறியச் சொன்னவர், சொன்ன சொல்லைப் பல்லக்கிலிருந்து இறங்கும் முன்பே நிறைவேற்றுகிறவர் என்று பாடினேன். முதல் மேசைக்காரர்கள் கைதட்டினார்கள், அவர்கள் காதால் கேட்டதுதானே. ஹாஜியாரின் தலையசைப்பு கொஞ்சம் மெதுவானது.

மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததைப் பாடினேன். இந்தக் கல்யாணத்தின் பரக்கத்துக்காக, மூத்த மருமகள் ஸிஹாமின் கல்யாணக் கூலியையும் மூன்று வருஷமாக மனதில் சுமந்து, இன்று இந்தச் சபையில் இறக்கிவைக்கிறவர்.

நான் பாடியதில் ஒரு வார்த்தை இகழ்ச்சி கிடையாது. யாராவது காட்டட்டும். ஆனால் ஸிஹாம் இரண்டாவது மேசையில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு அந்த வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது. ஊர் வாயைப் பிளந்து பார்த்த அந்த ஏழு உடைக்கும் யாரும் காசு கொடுக்கவில்லை என்று அவளுக்கு அன்றுவரை தெரியாது. முகம் சிவந்தது. இவள் இப்போது எழுந்து வெளியே போவாள், என் பாட்டு பாழாகும் என்று நினைத்தேன். எழுந்தாள். குழந்தையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்தாள். மாமனாரை நேராக நிமிர்ந்து பார்த்து, கையை வாயருகே வைத்து, மண்டபக் கூரை அதிர ஒரு குலவை இட்டாள். அதற்குப் பிறகு எந்தப் பெண் சும்மா இருப்பாள்? இருநூறு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். குனிந்து, உதடு அசையாமல், இறக்கச் சொல் என்றார். புகழ் இன்னும் முடியவில்லையே ஹாஜியார், பாதியில் இறங்கினால் உங்கள் வீட்டுக்கல்லவா ஆகாது என்றேன், மிகவும் மரியாதையாக. புவஸ்ஸா மூன்றாம் சுற்றைத் தொடங்கினான். இந்த முறை கொஞ்சம் துள்ளலோடு.

வீடியோக்காரன் விளக்கு முகத்தில். சம்பந்தி வீட்டார், ஆலைக்காரர்கள், பள்ளிவாசல் இமாம், எல்லோரும் கழுத்தை அண்ணாந்து சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். ஹாஜியாரின் கை ஜிலாபாவுக்குள் போய் ஒரு நோட்டுக் கட்டோடு வெளியே வந்தது. பாட்டுக்காரர்களின் நெற்றியில் பரிசாக ஒட்டுவதற்காக வைத்திருந்த கட்டு அது, கல்யாண வீட்டுக்கு வருகிற பெரிய மனிதர்கள் எல்லோரிடமும் இருக்கும். அதை அப்படியே புவஸ்ஸாவின் ஜிலாபாத் தொப்பிக்குள் போட்டார். முதுகுப் பக்கம் தொங்குகிற அந்தத் தொப்பிதான் எங்கள் தூக்கிகளின் பை. குலவை அள்ளிக்கொண்டு போனது.

புவஸ்ஸா நடையை நிறுத்தாமல் முதுகை ஒரு குலுக்குக் குலுக்கிப் பார்த்தான். கனம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னான், "ஹாஜியாரைத் தூக்கறது எங்களுக்குச் சுமையே இல்ல லல்லா. இன்னும் ஒரு சுத்து போறோம்."

கூட்டம் ஆரவாரம் செய்தது. நான்காவது சுற்றில் நான் மூத்த மருமகளின் ஏழு உடைகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாடினேன். நீலம், குங்கும நிறம், ரோஜா நிறம். அவசரப்படவே இல்லை. ஹாஜியார் சட்டைப்பைக்குப் போனார், பிறகு உள்பைக்குப் போனார். கடைசியில் மூத்த மகனைக் கையால் அழைத்துக் காதில் ஏதோ சொன்னார், அவன் காருக்கு ஓடிப்போய் ஓர் உறையோடு திரும்பி வந்தான். அதுவும் தொப்பிக்குள் விழுந்தது. புவஸ்ஸா குலுக்கிப் பார்த்தான். பல்லெல்லாம் தெரிந்தது.

நான் ஸலவாத் சொன்னேன். பல்லக்கு பூப்போல் இறங்கியது. என் ஆட்கள் யாரையும் தொப்பென்று வைக்கமாட்டார்கள், ஏமாற்றியவரைக்கூட.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகுதான் நடந்தது. இறங்கியதும் மனுஷன் என்னை எரித்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தோளில் முத்தமிட்டார்கள். இமாம் கையைப் பிடித்து துஆ செய்தார். ஆலைக்காரர் ஒருவர், நானெல்லாம் கணக்கை வியாழக்கிழமைக்குத் தள்ளுகிறவன், உங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவேண்டும் என்றார். ஹாஜியாரின் முகம் மெல்ல மெல்ல மாறியது. கோணலாக இருந்த சிரிப்பு நேரானது. கால் மணி நேரத்தில் அவரே பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், தொழிலாளியின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுத்துவிடவேண்டும் என்று. காது குளிரக் கேட்டேன். போகட்டும், அந்த நம்பிக்கையை நான் ஏன் கெடுக்கவேண்டும்? இனி அந்த வாயால் சொன்னதை அவர் கொஞ்சமாவது காப்பாற்றித்தானே ஆகவேண்டும்.

அலங்கார அறையில் புவஸ்ஸா ஜிலாபாத் தொப்பியைக் கவிழ்த்தான். இன்றைய கூலி, பழைய கூலி, இரண்டும் இருந்தன. நால்வருக்கும் அப்போதே பிரித்துக் கொடுத்தேன். எண்ணிப் பையில் வைத்துக்கொண்டார்கள். புவஸ்ஸா மட்டும், பத்தூலின் பல்லக்கு எப்போதுமே இடது பக்கம் சாயும் என்று யாரும் கேட்காமலே சொன்னான்.

கிஸ்லானின் வெள்ளை உடைக்கு முதுகுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது ஸிஹாம் உள்ளே வந்தாள். தன் தலையில் வைத்த முத்துக் கிரீடம் எங்கே என்று கேட்டாள். விற்றுவிட்டேன் என்றேன். எப்போது என்று கேட்கவில்லை, புரிந்திருக்கும். தரையில் மண்டியிட்டு, கிஸ்லானின் உடையின் தரையில் புரளும் பின்நுனியை எடுத்து மடிப்பு மடிப்பாகச் சரிசெய்தாள். நெகாஃபாவின் உதவிக்காரிகூட அவ்வளவு பொறுமையாகச் செய்யமாட்டாள். அந்தக் கிரீடத்தை இப்போது திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பத்தூல் இரண்டு மடங்கு விலை சொல்கிறாள். அவ்வளவு தரமாட்டேன் என்று இதுவரை இரண்டு முறை கதவைச் சாத்திவிட்டு வந்திருக்கிறேன், மூன்றாம் முறை போவேன்.

வெள்ளை உடையோடு கிஸ்லான் சுற்றி வந்து இறங்கினாள். பாலும் பேரீச்சையும் கொடுத்தார்கள். என் வேலை முடிந்தது. பெட்டிகளை மூட ஆரம்பித்தேன். அப்போது மண்டபத்தில் மறுபடியும் தாளம் கேட்டது. யார் என் பல்லக்கைத் தூக்குவது என்று கோபத்தோடு வெளியே வந்தேன்.

என் நான்கு பேரும் கழிகளைத் தோளில் வைத்துக்கொண்டு கடைசி மேசையின் முன்னால் போய் நின்றிருந்தார்கள். அங்கே ஃபத்தூமா, சமையல்காரர்களோடு சேர்ந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மகளின் கல்யாணத்திலும் அவளுக்குக் கை சும்மா இருக்காது. புவஸ்ஸா குனிந்து பல்லக்கைத் தரையில் வைத்து ஏறச் சொன்னான். அவள் மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். என்னிடம் கொடுக்க எதுவும் இல்லையே என்றாள்.

"நீங்க குடுத்தாச்சும்மா. ஏறுங்க," என்றான் புவஸ்ஸா.

கிஸ்லான் ஓடிவந்து அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கினாள். ஃபத்தூமா ஈரக் கையை உடையில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். இலேசான மனுஷி. ஹாஜியாருக்குப் பிறகு என் ஆட்களுக்கு அவள் காற்று மாதிரி இருந்திருப்பாள். பல்லக்கு மேலே போனது. கூட்டம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பாடவேண்டியது நான்தானே.

எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாது. அன்று கொஞ்சம் யோசிக்கவேண்டியிருந்தது. என்ன பாடுவது? தந்தை பெயர் எனக்குத் தெரியாது. ஹஜ்ஜுக்குப் போனதில்லை. ஆலை இல்லை. இருந்ததைப் பாடினேன். ஃபத்தூமா, இந்த ஊரின் பெண்கள் எல்லோரின் முதுகையும் அறிந்தவள். ஃபத்தூமா, தன் பங்கை முதல் நாளே வைத்தவள். யாருக்கும் வியாழக்கிழமை சொல்லாதவள். இந்த மெக்னெஸில் ஒருவருக்கும் ஒரு பைசா பாக்கி இல்லாதவள்.

முதல் குலவை ஸிஹாமுடையது. பிறகு மண்டபம் முழுக்க. முதல் மேசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள், எல்லோரும் நிற்பதைப் பார்த்து ஹாஜியாரும் எழுந்து கைதட்டினார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் முதுகின் மேல் குனிந்தே இருந்த ஃபத்தூமா பல்லக்கில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் அலங்கரித்த எந்த மணப்பெண்ணும் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. அவள் கண்ணில் மை இல்லை, அதனால் எவ்வளவு அழுதாலும் எனக்கு நஷ்டமில்லை.

சுற்று முடிந்து புவஸ்ஸா என் எதிரே வந்து நின்றான். வியர்வை கண்ணில் வழிந்துகொண்டிருந்தது. இறக்கட்டுமா என்று கண்ணால் கேட்டான்.

"இன்னும் ஒரு சுத்து போ," என்றேன்.